பரத்தை அவன் வீட்டுக்கு அனுப்பினேன்

2006 ஆகஸ்ட் 21

சிப்காட் பஸ் நிறுத்தத்துக்கு இன்றும் பரத் வந்தான். உயிரோடு இருந்தபோது கம்பெனியில் எனக்கு எதிர் மேசையில் பேக்கிங் செய்தவன். ஒரு வார்த்தை பேசியதில்லை. போன வருஷம் லாரி மோதிச் செத்த பிறகுதான் ஐயாவுக்குத் தைரியம் வந்தது. "இன்னா செல்வி, தலைல பூ இல்ல?" என்கிறான். பேயைப் பார்க்க எதற்கடா பூ என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிறேன். பயமா? முதல் நாள் இருந்தது. இப்போது அவன் வராவிட்டால்தான் பயம்.

ஆகஸ்ட் 23

அவன் தங்கை பூமிகா கம்பெனிக்கு வந்து தன் கல்யாணப் பத்திரிகை கொடுத்தாள். வெள்ளிக்கிழமை பூவாடை கும்பிடுகிறார்களாம். கல்யாணத்துக்கு முன்னால், அந்த வீட்டில் செத்துப்போனவரைக் கிணற்றடியில் பம்பை அடித்துக் கூப்பிடுவார்கள். யார் மேலாவது அருள் வந்து "வரேன்" என்று சொன்னால், வீட்டுச் சாமியாக உள்ளே உட்கார வைப்பார்கள். "அண்ணன் வந்தாதான் எனக்குத் தாலி. நீயும் வந்துடு செல்வி," என்றாள்.

ஆகஸ்ட் 25

ஊத்துக்கோட்டை பக்கம் அவர்கள் ஊர். பம்பைக்காரர் தணிகாசலம் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். பரத்தின் அம்மா ஈரப் புடவையோடு நின்று, "வாடா நைனா, எம்மேல வாடா," என்று அழுதார். அவனோ என் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. யாருக்கும் அருள் வரவில்லை.

"சாமி கோச்சிக்கினு நிக்குது. நாங்க எப்டி பொண்ணெடுக்கிறது?" — மாப்பிள்ளையின் அப்பா. ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடுவார்களாம். அன்றும் வராவிட்டால் கல்யாணம் இல்லை.

ஆகஸ்ட் 26

நிறுத்தத்தில் சண்டை.

"ஏன்டா போகல?"

"போனா அங்கியே இருந்துடணும். ஊட்டுச் சாமி வாசப்படி தாண்டாது. உன்னாண்ட வர முடியாது, பேச முடியாது."

அது எனக்கும் தெரியும். போகாதே என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவன் அம்மா — பூமிகா —

"போ," என்றேன்.

"நீ இன்னா பண்ணுவ?"

"எனக்கின்னா, ஊர்ல வேற ஆம்பளையே இல்லியா?"

பொய். அவனுக்கும் தெரியும். கன்னத்தைத் தொடப் பார்த்தான். காற்றுதான் பட்டது. கடவுளே, என்னால முடியல. இப்டி புடுங்கிக்கிறதுக்கு எதுக்கு அவன எங்கிட்ட அனுப்பின?

ஆகஸ்ட் 27

பரத்தின் அம்மா மேல் அருள் வந்தது.

"ஊட்டுக்கு வரியாப்பா?" என்று தணிகாசலம் கேட்டார். அம்மாவின் கண்கள் கூட்டத்தில் தேடி என்னிடம் வந்து நின்றன. அந்தப் பார்வை அவனுடையது. தலையாட்டினேன்.

"வரேன்." அவன் குரல்.

பூமிகா ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, எல்லாரும்தான் அழுதார்கள்.

ஆகஸ்ட் 28

வரவில்லை.

செப்டம்பர் 3

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பந்தி முடிந்ததும் பரத்தின் அம்மா என்னைச் சாமி அறைக்குக் கூட்டிப்போனார். மஞ்சள் பூசிய கலசம், மாலை, புது வேட்டி, இலை நிறையப் படையல்.

"கும்புட்டுக்கம்மா. எம்புள்ள கேட்டது குடுப்பான்."

கைகூப்பி நின்றேன். அவனிடம் போய் எதைக் கேட்பது? "சாப்டியா?" என்று மட்டும் கேட்டேன், மெதுவாக. கலசத்தின் முன்னால் இருந்த திருநீற்றை எடுத்து அம்மா என் நெற்றியில் பூசினார்.