லூர்துவுக்கு நான் தராத புதுநன்மை

1944 நவம்பர், வியாழன் இரவு. செஞ்சி.

இன்று என் பங்குக் கோயிலைச் சேர்ந்த சவரிமுத்துவின் மகள் லூர்துவை மலையடிவாரக் கல்லறையில் அடக்கம் செய்தேன். எட்டு வயது. மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

ஈஸ்டருக்கு முன், முதன்முதலாக நற்கருணை அப்பம் பெறும் புதுநன்மைக்காக என்னிடம் வந்த பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. ஞானோபதேசப் பாடக் கேள்விகளில் பாதிக்குமேல் அவளுக்குப் பதில் வரவில்லை. கடைசியாக, "அப்பத்தில் இருப்பது யார்?" என்று கேட்டேன்.

"சேசு சாமி. எங்கூட வந்து இருப்பாரு" என்றாள்.

சிறு பிள்ளைக்கு அது போதும் என்று திருச்சபையே சொல்கிறது. படித்த எனக்குப் போதவில்லை. பாடத்தை ஒழுங்காகப் படி, அடுத்த வருடம் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

குழியை மூடிய பிறகு சவரிமுத்துவிடம், காய்ச்சல் முற்றியபோது சாவுக்கு முன் நன்மை கொடுக்க ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"நன்ம வாங்காத புள்ளயாச்சே, உங்கள எதுக்கு அலைய வைக்கணும்னு இருந்துட்டேன் சாமி. அடுத்த வருசம் சாமி தர்றேன்னாருன்னு கடைசி வரிக்கும் சொல்லிக்கினே இருந்துச்சு. புதுநன்மைக்குத் தெச்ச வெள்ளப் பாவாடயதான் போட்டு வுட்டோம்."

அவன் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். என் கையை முத்தமிட்டுவிட்டுப் போனான்.

ஜெபிக்க முழந்தாளிட்டேன். லத்தீன் வார்த்தைகள் தாமாக வந்தன. கேட்க யாரும் இருப்பதாகத் தோன்றவில்லை. அந்தக் குழந்தை என் பேச்சைக்கூட வேதவாக்காக நம்பிக்கொண்டு கிடந்திருக்கிறது.

விடிந்தால் பூசை. அப்பத்தை எந்தக் கையால் எடுப்பேன்?