குரோம் தண்ணீர்

பம்மல், 1996

அன்புள்ள உங்களுக்கு,

கோர்ட் உத்தரவால் பூட்டிய அண்ணனின் தோல் பதனிடும் ஷெட்டைத் திறந்துவிட்டார்கள். தோலை ஊறவைத்து மிஞ்சும் குரோம் தண்ணீரை இனி வெளியே விடக் கூடாதாம். வேறு வழியில்லாமல், நீங்கள் அன்று சொன்னபடி, அதையே அடுத்த டிரம்மில் போட்ட தோலுக்கும் ஊற்றினார்கள். தோல் கறையில்லாமல் வந்தது. குரோம் செலவும் பாதியாகிவிட்டது.

அன்று நீங்கள் அதைச் சொன்னபோது, “அழுக்குத் தண்ணில போட்டா தோலு கெட்டுப்பூடும் மாப்ளே, உன் படிப்பு இங்க வேணாம்” என்று அண்ணன் ஆட்கள் முன்னால் சிரித்தார். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நீங்கள் வேறு வேலை தேடி ராணிப்பேட்டைக்குப் போய்விட்டீர்கள்.

நேற்று அண்ணன், “மாப்ள வருவாரா, கேட்டுப் பாரேன்” என்றார். அவருக்கு மேனேஜர் வேண்டும்.

மாப்பிள்ளையாக அல்ல, வேலைக்கென்றே வாருங்கள். இந்த முறை அவர் பேசும்போது நான் உள்ளே போக மாட்டேன்.

உங்கள் மனைவி