விட்டாளா, நிறுத்தினோமா

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் நலம், என் தோள்பட்டை ஒன்றைத் தவிர. நீயும் நலமாக இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுவாய் என்று நினைத்துக்கொள்கிறேன். வழக்கம் போல நான் சொல்லச் சொல்லச் சின்னவள்தான் எழுதுகிறாள்.

உன் கடிதத்தை அவள் வாசிக்க, வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். உன் ஆய்வுக் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாமே, சொல் ஒவ்வொன்றும் சரி, எதோடு எதைச் சேர்ப்பது என்பதுதான் தப்பு என்றாராமே உன் பேராசிரியர். அதற்கென்றே வகுப்பு வைத்து, நோட்டில் சொற்களை ஜோடி ஜோடியாக எழுத வைக்கிறார்களாம். அந்த ஊர் மொழியில் டீ கெட்டியாக இருக்காது, பலமாகத்தான் இருக்கும் என்று எழுதியிருந்தாய். "டீ என்ன குஸ்திக்கா போகுது?" என்று நான் கேட்க, எப்போதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற உன் தங்கை அன்று கையை எடுத்துவிட்டே சிரித்தாள். அடுத்த வரியில் சிரிப்பு நின்றது. "உங்களை இழக்கிறேன்" என்று எழுதியிருந்தாய். வெங்காயத்தை அப்படியே கீழே வைத்துவிட்டேன், உங்கள் அப்பா போனபோது எல்லாரும் சொன்ன சொல் அது. "பயப்படாதம்மா, அக்காவுக்கு நம்ம ஞாபகமாவே இருக்காம், அதைத்தான் அந்த ஊர்க்காரங்க மாதிரி எழுதிட்டா" என்று சின்னவள்தான் புரியவைத்தாள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு இது தெரிகிறது.

அது போகட்டும். கட்டுரையைத் திரும்ப எழுத இன்னும் ஒரு வருடம் ஆகும், அதுவரை சின்னவளே லாண்டரி வேலைக்குப் போகட்டும், "அவள் படிப்பை விட்டவள்தானே, ஒரு வருடத்தில் என்ன ஆகிவிடும்" என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. இந்த வருடம் வந்து அவளைத் திரும்பச் சேர்ப்பதாகச் சொன்னவள் நீ. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும், பிறகு சேர்க்க முடியாது என்று தலைமை ஆசிரியை சொன்னதைப் போன கடிதத்திலேயே எழுதினோம். படித்தாயா, இல்லை அதிலும் ஜோடி தேடிக்கொண்டிருந்தாயா?

படிப்பை விட்டாள் என்று இனி சொல்லாதே. என் தோள் நரம்பு பிசகிய மாதம்தான் நீ விமானம் ஏறினாய். ஆஸ்பத்திரி லாண்டரியில் ஈர விரிப்புகளை உதற எனக்குப் பதில் யார் போவது என்று நீயும் நானும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம். வெளியே அவள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஒன்றும் கேட்காமல் என் ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள். அவள் விடவில்லை, நாம் நிறுத்தினோம். படிப்பு அதே படிப்புதான், பக்கத்தில் எந்தச் சொல்லை வைக்கிறோமோ அதற்கேற்பப் பழி சுமக்கிற ஆள் மாறிவிடுகிறது. உன் வகுப்பில் இதைத்தானே சொல்லித்தருகிறார்கள்?

இந்த இடம் வந்ததும் சின்னவள் பேனாவை மூடிவிட்டாள். "விடும்மா, அக்கா பாவம், அழுவா" என்றாள். "எழுதுடி" என்று அதட்டித்தான் எழுதவைத்தேன்.

திங்கட்கிழமை அவளைப் பள்ளியில் சேர்க்கிறேன். லாண்டரிக்கு நான் போகிறேன். சூப்பர்வைசரிடம் பேசியாயிற்று, "உதற வேணாம்க்கா, உட்கார்ந்து மடிங்க, பார்த்துக்கலாம்" என்றார். நீ அரைகுறையாக ஓடி வர வேண்டாம், எடுத்த காரியத்தை ஒழுங்காக முடி. குளிரில் காதை மூடிக்கொள். என் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, இப்போதைக்குக் கோபமும் கூடவே இருக்கும். மறக்காமல் அந்த ஜோடியையும் உன் நோட்டில் எழுதிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா

அக்கா, அம்மா அடுப்படிக்குப் போனதும் "நிறுத்தினோம்" என்பதை அடித்துவிடலாம் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.