வெற்றுப் பக்கத்தில் என் கையெழுத்து

மார்ச் 4, செவ்வாய்

முன்னறையில் கட்சிக் கிளைக் கூட்டம். வந்திருந்தவர்கள்: மாவட்டச் செயலாளர் (எல்லாரும் 'மாவட்டம்' என்றே கூப்பிடுகிறார்கள்), அவருடைய ஓட்டுநர், நகரமன்றத் தலைவர், அச்சகக்காரர், இரும்புக்கடைக்காரர், கிளைச் செயலாளரான என் வீட்டுக்காரர். ஆறு பேர். ஓட்டுநர் வாசலோடு நின்றுவிட்டார், அவரைப் பாதியாக வைத்தால் ஐந்தரை. தேநீர்த் தட்டோடு வந்து போன என்னையும் சேர்க்க வேண்டும். நகரமன்ற உறுப்பினர் நான்தானே.

பேச்சு, பின்தெருவில் பரவும் வாந்திபேதியைப் பற்றி.

"எல்லாம் எதிர்க்கட்சிக்காரன் கிளப்பிவிட்ட புரளி," என்றார் மாவட்டம். "வர்ற செவ்வாய்க்கிழமை மன்றத்துல ஒரு தீர்மானம் போட்டு வாயை அடைச்சிடுவோம். தங்கச்சி, நீங்க ஒண்ணும் பேச வேணாம். கையைத் தூக்கினாப் போதும்."

"அவ பேசவே மாட்டாண்ணே," என்றார் இவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்கு?

எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கியபோது இவருக்கு நிற்க வழியில்லை. "வீட்டம்மாவை நிறுத்து" என்று ஒரே வார்த்தையில் முடித்தார்கள். சுவரொட்டியில் இவர் படம் ஆள் உயரம். என் படம் தபால்தலை அளவு. ஒன்றரை வருடமாக நானும் தபால்தலை மாதிரிதான், ஒட்டிய இடத்தில் இருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

நேற்றுக் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு பின்தெருவுக்குப் போனேன். இரண்டு நாளில் அறுபத்துநான்கு வீடும் முடிந்தன. எந்த வீடு, எத்தனை பேருக்கு, எந்த நாளில், எந்தத் தண்ணீர் என்று கோடு போட்டு எழுதினேன்.

புதுக் குழாய்த் தண்ணீர் நாற்பத்தொரு வீடு. அதில் நோய் இருபத்தொன்பது வீட்டில்.
அடிகுழாய்த் தண்ணீர் இருபத்துமூன்று வீடு. அதில் நோய் இரண்டே வீட்டில். அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளிக்கூடத்தில் புதுக் குழாய்த் தண்ணீர்தான்.

எனக்குப் பள்ளிப் படிப்பு மூன்று வருடம். மீதியெல்லாம் மகளின் பாடப்புத்தகத்தில் அவளோடு சேர்ந்து படித்தது. இந்தக் கணக்கைப் போட அதுவே போதும்.

பின்தெருத் தையல்காரியின் பேத்தி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நாலு வயது.

மார்ச் 8, சனி

பேத்தி போய்விட்டாள். காலை பத்தே முக்காலுக்கு.

இன்று பிரார்த்தனையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்துவிட்டு எழுந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

இவரிடம் நோட்டைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

குழாய் பதித்தபோது கட்சி சார்பில் தினமும் அங்கே நின்றவர் இவர்தான். சாக்கடைக்குக் குறுக்கே, அதன் அடியிலேயே குழாயைப் போட்டிருக்கிறார்கள். இவர் கேட்டிருக்கிறார். ஒப்பந்தக்காரன் மாவட்டத்தின் மச்சான். "கிளைச் செயலாளரே, நீங்க கொடி கட்டுற வேலையைப் பாருங்க"ன்னானாம்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்டச் சொல்ல? எங்கப்பா இந்தக் கட்சிக்காக ஜெயில்ல கிடந்தார். நான் போய் எதிரி வாயில அவல் போடணுமா?"

"குழந்தை செத்திருக்குங்க."

"தெரியும்! தெரியும்! தெரியும்!"

சட்டையைக்கூட மாட்டாமல் வெளியே போய்விட்டார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

மன்றக் கூட்டம். உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல் எழுத்தர் பதிவேட்டை நீட்டினார். வழக்கம்போல் கையெழுத்துப் போட்டேன்.

தீர்மானத்தைத் தலைவர் வாசித்தார். "பின்தெருவாசிகளின் சுகாதாரமற்ற பழக்கங்களே நோய்க்குக் காரணம். குடிநீர்க் குழாய் நல்ல நிலையில் உள்ளது."

கைகள் எழுந்தன. என் கை மடியிலேயே கிடந்தது. எனக்கே பயமாக இருந்தது, அது என் கைதானா என்று.

"என்னம்மா, கை வலியா?" என்றார் தலைவர்.

"வலி இல்லைங்க. அது பொய்யிங்க."

நோட்டைத் திறந்து வீட்டுக்கணக்கை வாசிக்க ஆரம்பித்தேன். ஏழாவது வீடு வரை வந்தேன். ஒலிவாங்கியை அணைத்தார்கள். சத்தமாக வாசித்தேன். பதினோராவது வீட்டில் தலைவர் எழுந்து போய்விட்டார், மற்றவர்களும். எதிர்க்கட்சிக்காரர்கள் இரண்டு பேர் மேசையைத் தட்டினார்கள். அது எனக்காக இல்லை.

பார்வையாளர் பெஞ்சில் இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 13, வியாழன்

பத்திரிகையில் வந்திருக்கிறது: "தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது."

அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். எழுத்தர் பாவம், நல்ல மனிதர். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். கீழே பதினெட்டுக் கையெழுத்து. மேலே விட்டிருந்த வெற்றிடத்தில் அந்தத் தீர்மானம்.

"எப்பவும் இப்படித்தாம்மா. முதல்ல கையெழுத்து, அப்புறம் தீர்மானம். எல்லாரும் அவசரமாக் கிளம்பிடுவாங்க இல்ல?"

எழுதிப் பழகி எழுதிப் பழகி நான் தேற்றிக்கொண்ட உருண்டைக் கையெழுத்து. அதற்கு மேலே, அந்தக் குழந்தை அழுக்கால் செத்தது என்று.

பக்கங்களைப் பின்னால் புரட்டச் சொன்னேன். ஏன் சொன்னேனோ. போன வருடம், ஜூலை. "பின்தெருக் குடிநீர்க் குழாய்ப் பணி விதிப்படி திருப்திகரமாக முடிந்தது."

அதற்குக் கீழேயும் நான்.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன். பைத்தியமா எனக்கு? மை எப்பவோ காய்ஞ்சு போச்சே. ஒன்றரை வருஷம் வெள்ளைத்தாள்ல கையெழுத்துப் போட்டிருக்கேனே! காய்கறிக்காரியிடம் அரைக் கிலோவை மூன்று தரம் நிறுத்துப் பார்த்து வாங்குகிறவள் நான் — இதைப் படிக்கணும்னு ஏன் தோணலை?

ஆண்டவனே, மாவட்டத்தை நீ விசாரிப்பது இருக்கட்டும். முதலில் என்னை விசாரி.

மார்ச் 14, வெள்ளி

எதிர்க்கட்சி உறுப்பினர் கைபேசியில் படம் பிடிக்க இரண்டு ஆளோடு வந்தார்.

"அக்கா, சிங்கம் மாதிரி பேசினீங்க. எங்க பக்கம் வந்துடுங்க."

"உங்க ஆட்சியில பின்தெருவுக்குக் குழாயே போடலையே தம்பி."

"அது... அப்ப நிலைமை வேறக்கா."

"நான் இந்தக் கட்சிதான். தேநீர் குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

மார்ச் 15, சனி

தையல்காரியிடம் ஜூலைக் கையெழுத்தைச் சொல்லிவிட்டேன். மற்றவர் வாயால் அவள் கேட்கக்கூடாது.

மெஷினை நிறுத்தவில்லை. ஒரு சட்டைக் கையை முழுதாக மூட்டி முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"நான் கைநாட்டு. என்கிட்ட எதை நீட்டினாலும் விரலை உருட்டுவேன். படிக்கத் தெரிஞ்ச நீயே படிக்காமப் போட்டா, நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்கறது?"



மார்ச் 17, திங்கள்

நகரமன்ற விதிப்புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு மூன்று நாளாகப் படித்தேன். மாறுபட்ட கருத்தை ஏழு நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம். நாளையோடு ஏழு.

நகராட்சி மேலதிகாரிக்கு மனு எழுதினேன். வீட்டுக்கணக்கு முழுதும். பதினொன்றாம் தேதித் தீர்மானத்தை நான் ஏற்கவில்லை என்பது. ஜூலைத் தீர்மானத்தில் படிக்காமல் கையெழுத்திட்டது என் குற்றம், அதற்கான தண்டனையை ஏற்கிறேன் என்பது. இந்தக் கடைசி வரியை நாலு முறை அடித்து நாலு முறை எழுதினேன்.

இவர் வாசலை மறித்து நின்றார்.

"கொடுத்தேன்னா பதவி போகும். கட்சி போகும். உன்மேலயே கேஸ் வரும். யாருக்காக இதெல்லாம்?"

"நீங்க பார்த்ததை நீங்க சொல்லுங்க. அப்ப நான் இதைக் கொடுக்கலை."

வழியை விட்டார். திரும்பி வந்தபோது அலமாரியில் இவர் சட்டைகள் இல்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறாராம்.

மனு பெற்றதற்கு முத்திரை வாங்கிவிட்டேன். முத்திரைக்கு மேலே எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் வாங்கினேன்.

மார்ச் 20, வியாழன்

கட்சியிலிருந்து நீக்கம். கடிதத்தில் கிளைச் செயலாளர் கையெழுத்து — இவருடையது. எழுதிய பிறகு போட்டாரா, வெற்றுத்தாளில் போட்டாரா?

எதுவானால் என்ன. வெற்றுத்தாளாக இருக்கட்டும்.

மார்ச் 26, புதன்

மகள் தொலைபேசியில் அழுதாள். "அப்பா பாவம்மா." பாவம்தான். நானும் அதைத்தான் சொல்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்

மேலதிகாரியின் ஆட்கள் வந்து தண்ணீரைப் புட்டியில் பிடித்துப் போனார்கள். குழாயை அடைத்தாயிற்று. இப்போது லாரித் தண்ணீர். வரிசையில் யாரும் என்னோடு பேசவில்லை. தையல்காரி மட்டும் என் குடத்தை நகர்த்தி அவள் குடத்துக்குப் பின்னால் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் தேதி விசாரணை. குழாய் எப்படிப் போனது என்று கண்ணால் பார்த்த சாட்சி இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தோண்டிப் பார்க்க ஒப்பந்தக்காரன் நீதிமன்றத்தில் தடை வாங்கிவிட்டானாம். அதனால் சாட்சி இல்லாவிட்டால் ஜூலைக் கையெழுத்தும் நானும்தான் மிச்சம்.

இவருக்குக் கடிதம் எழுதினேன். இத்தனை வருடத்தில் ஒன்றுகூட எழுதியதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டேன். நகலை இங்கே வைக்கிறேன்:

"என்னங்க, ரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள், இத்துடன் இருக்கிறது. கட்சியை விடச் சொல்லவில்லை. என் பக்கம் நிற்கவும் சொல்லவில்லை. குழி தோண்டியபோது அங்கே நின்று என்ன பார்த்தீர்களோ, அதை மட்டும் ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு வந்து சொல்லுங்கள். உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரை நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். சாட்சிப் பட்டியலைத் திங்களுக்குள் கொடுக்க வேண்டும். வருவீர்களா, மாட்டீர்களா? எதுவானாலும் சீக்கிரம் பதில் சொல்லுங்கள்."