உப்புக் குவியல் மேல் ஏறியவளுக்கு

இன்று காலை எங்கள் தெருவில் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். மழையில் சாக்கடை பொங்கி வழிந்ததால் நகராட்சிக்காரர்கள் வந்து ஓரமெல்லாம் வெள்ளையாகத் தூவிவிட்டுப் போனார்கள். பால் பாக்கெட்டை எடுக்க வாசலில் குனிந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. திண்டிவனத்தில், கடல் கண்ணுக்கே எட்டாத ஊரில், என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு நான் கிழக்கே திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருடங்களுக்குப் பிறகும்.

நீ இருந்திருந்தால் உடனே போன் செய்திருப்பேன். "எனக்கும் அப்படித்தாண்டி" என்று சொல்லியிருப்பாய். போன மாதம் நீ போய்விட்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

சுனாமிக்குப் பிறகு, இரண்டாயிரத்து ஐந்து ஜனவரியில், நம் பள்ளிக்கூடம் மறுபடி திறந்த அன்று இதே வாடைதான் நம்மை வரவேற்றது. மரக்காணத்துக்குக் கிழக்கே, மீனவர் குப்பத்துக்கும் உப்பளத்துக்கும் நடுவில் இருந்த நடுநிலைப்பள்ளி. நீ கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பேருந்தில் வருவாய், நான் திண்டிவனத்திலிருந்து இன்னொன்றில். மரக்காணத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிப்போம். நீ கணக்கு டீச்சர், நான் தமிழ். உன் கணவர் துபாயில். நாலு வயது மகனை உன் உம்மாவிடம் விட்டுவிட்டு வருவாய். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் யாரும் இல்லை. தண்ணீர் மட்டும் வந்துவிட்டுப் போயிருந்தது. கரும்பலகையின் அடி விளிம்பு வரைக்கும் சுவரில் ஒரு கோடு. அதன்மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். ஒரு வாரத்தில் உப்பு பூத்துக் கோடு மறுபடி வெளியே வந்தது. மறுபடி அடித்தார்கள். மறுபடி வந்தது.

பிள்ளைகள் யாரும் கிழக்கு ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. எல்லோரும் மேற்குச் சுவரோடு ஒட்டி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஒரு பெஞ்சு சாய்ந்து சத்தம் கேட்டால் போதும், வகுப்பு முழுக்க வாசலில் நிற்கும். கபடியில் யாருக்கும் அடங்காத பெரிய பையன்கள் படுக்கையை நனைக்கிறார்கள் என்று அம்மாக்கள் நம்மைத் தனியாக அழைத்துக் காதோடு சொன்னார்கள். மீன் சாப்பிட மாட்டேன் என்றது ஒரு பிள்ளை. கடலில் போனவர்களை மீன்தானே தின்றது என்று அது சொன்ன அன்று நாம் இருவருமே சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை.

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. அவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். "கடல்ங்கிற வார்த்தையே இந்த காம்பவுண்டுக்குள்ள வரக்கூடாது டீச்சர். மறக்க உடணும்" என்றார். பிள்ளைகள் மணிக்கொரு தரம் மாடிக்கு ஓடிக் கடலைப் பார்த்துவிட்டு வந்ததால், மாடிப்படியின் கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெளியூரிலிருந்து சிலர் வந்து கலர் பென்சில் கொடுத்தார்கள், பயப்படக் கூடாது என்று சொன்னார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அஞ்சலை அப்போது உன் ஆறாம் வகுப்பில் இருந்தாள். தம்பியைக் கடலுக்குக் கொடுத்தவள். புத்தகப்பையைத் தோளை விட்டு இறக்கவே மாட்டாள். உட்காரும்போதும் எழுதும்போதும் முதுகில் பை. புத்தகத்தோடு மாற்றுத்துணி, போர்வை எல்லாம் திணித்துப் பை வீங்கியிருக்கும். ஒருநாள் தலைமையாசிரியர் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா இது? மூட்டை தூக்க வந்தியா? எறக்கி வை."

அவள் இரண்டு பட்டைகளையும் கையால் இறுக்கிக்கொண்டாள். நீ குறுக்கே போய் நின்றாய்.

"இருக்கட்டும் சார். எனக்கு ஒண்ணும் எடஞ்சல் இல்ல."

அவர் போனதும் நீ செய்ததை, பாதித் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் பாடம் நடத்திக்கொண்டிருந்த நான் எட்டிப் பார்த்தேன். உன் கைப்பையை மேசைமேல் கவிழ்த்தாய். பாஸ்போர்ட், பேங்க் பாஸ்புக், உன் மகனின் பிறப்புச் சான்றிதழ், ஒரு டார்ச் லைட், பாதி பிஸ்கட் பாக்கெட்.

"பாத்தீங்களா? நானும் மூட்டையோடதான் வர்றேன். பஸ்ல கடல் பக்கத்து சீட்டுல உக்காரவே மாட்டேன். எடம் இல்லன்னா நின்னுக்கிட்டே வருவேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், நான் செருப்பு போட்டுக்கினேதான் தூங்கறேன்." இன்னொருத்தி, "எங்கம்மா பொடவையால என் கால அவங்க கால்ல கட்டிக்கினு படுக்கறாங்க டீச்சர்." பிறகு நிற்கவேயில்லை. மணி அடித்தும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை எல்லோரையும் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போகச் சொன்னாய். "பயம் வந்தா மொதல்ல ஒரு கையத் தேடுங்க. அப்புறம் ஓடலாம்" என்றாய். தினமும் அப்படித்தான் உன் வகுப்பு வெளியே வந்தது.

ஆட்டோவில் நான் உன்னைக் கேட்டேன், "நாமளே பயந்தா அதுங்க என்னாகும்?"

"பயப்படாதன்னு சொன்னா அதுங்க தனியா பயப்படும்டி. அவ்ளோதான் வித்தியாசம்" என்றாய்.

மார்ச் மாதம் அது நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் ஏதோ ஒரு வண்டி மைக் கட்டி எதையோ அறிவித்துக்கொண்டு போனது. ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. குப்பத்துப் பக்கமிருந்து பெண்கள் சிலர் தலைவிரிகோலமாக ஓடி வந்தார்கள். "கடல் உள்ள வருது! கடல் வருது!"

தட்டுகள் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மொத்தப் பள்ளிக்கூடமும் மாடிப்படியை நோக்கிப் பாய்ந்தது. மேலே கதவு பூட்டியிருந்தது. முதலில் ஏறியவை சின்னஞ்சிறுசுகள். பின்னால் வந்தவர்களுக்கு மேலே பூட்டியிருப்பது தெரியாது. தள்ளினார்கள். மேலேயிருந்து கேட்ட அலறல் சட்டென்று அமுங்கியது. மூச்சு முட்டினால்தான் அப்படி அமுங்கும். தலைமையாசிரியர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே கூட்டத்துக்கு வெளியே நின்று, "வழி உடுங்கடா, வழி உடுங்கடா" என்று கத்தினார். அவரால் படியை எட்டவே முடியவில்லை. நான் கிழக்கே பார்ப்பதா படியைப் பார்ப்பதா என்று தெரியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது உன் குரல் கேட்டது. அது டீச்சர் குரல் இல்லை. தொண்டை கிழிந்த குரல்.

"எனக்கு பயமா இருக்கு! யாராவது என் கையப் புடிங்க!"

படியின் அடியில் நின்று, இரண்டு கையையும் நீட்டியபடி கத்தினாய். உன் முகம் வெளுத்திருந்தது. உன் வகுப்புப் பையன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தது. வந்து உன் கையைப் பிடித்தான். அவன் கையை இன்னொருத்தி. அவள் கையை இன்னொருத்தன். கடைசியில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று வர, படியில் நெரிசல் விட்டது. தலைமையாசிரியர் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி மேலே போய்ப் பூட்டைத் திறந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குக் கை முறிந்திருந்தது. இரண்டு பிள்ளைகள் மயங்கிக் கிடந்து, தண்ணீர் தெளித்ததும் விழித்தன. யாரும் சாகவில்லை. இதை எழுதும்போதுகூட அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தரம் படித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

கடல் வரவில்லை. நீர் கொஞ்சம் உள்வாங்கியதை யாரோ பார்த்துப் பயந்து கத்தியிருக்கிறார்கள். பிள்ளைகளைத் தேடி வந்த பெற்றோர் ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டு போனார்கள். அஞ்சலையின் அம்மா மட்டும் வகுப்பு வகுப்பாக எட்டிப் பார்த்துவிட்டு நம்மிடம் வந்தாள்.

"எங்க டீச்சர் எம்பொண்ணு?"

அவள் எங்கும் இல்லை. படிப் பக்கமே போகாமல் பின்கேட் வழியாக ஓடினாள் என்று ஒரு பிள்ளை சொன்னது. தலைமையாசிரியர் அவள் அம்மாவோடு ரோட்டுப் பக்கம் தேடப் போனார். நீயும் நானும் உப்பளத்துக்குள் இறங்கினோம்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் தகதகவென்று நின்றது. முழங்கால்கூட நனையாத தண்ணீர்தான். ஆனால் பாத்திகளுக்கு நடுவே ஆழமான வாய்க்கால்கள் ஓடுகின்றன என்பது நம் இருவருக்கும் தெரியும். ஒவ்வொரு வாய்க்காலையும் எட்டிப் பார்க்கும் முன் நான் கண்ணை மூடித் திறந்தேன். நீ என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாய். வாய்க்குள்ளேயே ஏதோ ஓதிக்கொண்டு வந்தாய். நடுவில் நின்று, "அவ அம்மாவுக்கு இன்னொண்ணும் போச்சுன்னா என்னடி பண்றது?" என்றாய். நான் அடுத்த வாய்க்காலை நோக்கி உன்னை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

மேற்குக் கோடியில், போன வருடத்து உப்பைக் குவித்துக் கீற்று வேய்ந்து வைத்திருந்தார்கள். வீட்டுயரக் குவியல். அதன் உச்சியில் நீல நிறத்தில் ஏதோ தெரிந்தது. யூனிபார்ம் பாவாடை.

"அஞ்சலை! எறங்கி வாம்மா!" என்று நான் கத்தினேன். அவள் அசையவில்லை. கண் கிழக்கே குத்திட்டு நின்றது.

நீ செருப்பைக் கழற்றிவிட்டு, பர்தாவை இடுப்பில் செருகிக்கொண்டு, கீற்றைப் பற்றி ஏற ஆரம்பித்தாய். உப்பு சரிந்து சரிந்து விழுந்தது. பாதம் கிழிந்து இரத்தம் வந்ததைக் கீழிருந்து பார்த்தேன். மேலே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாய். அவள் பார்த்த பக்கமே நீயும் பார்த்தாய்.

"கடல் வந்துச்சா டீச்சர்?"

"வரல."

"இனிமே வருமா?"

நீ பொய் சொல்வாய் என்று நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"தெரியல அஞ்சல. யாருக்கும் தெரியாது. வந்தா சொல்லுவாங்க. சேந்து ஓடலாம். இன்னிக்கி நீ தனியா ஓடி வந்துட்ட, அதான் எனக்கு கஷ்டமா இருக்கு."

அவள் அப்போதுதான் அழுதாள். அழுது முடித்ததும் நீ இறங்கப் பார்த்தாய், முடியவில்லை. கீழே பார்த்ததும் உன் கால் நடுங்கியது. ஏறத் தெரிந்த உனக்கு இறங்கத் தெரியவில்லை. உன்னைப் பார்த்துவிட்டு அஞ்சலை தன் பையைத் தோளிலிருந்து கழற்றினாள். "புடிங்க டீச்சர்" என்று என்னிடம் வீசினாள். பிறகு உன் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்க கால் வைங்க. இப்ப இங்க. நான் புடிச்சுக்கினுதான் இருக்கறேன்" என்று ஒவ்வொரு அடியாக உன்னை இறக்கிக் கொண்டுவந்தாள்.

அந்தப் பை அவ்வளவு கனமாக இருந்தது. ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு சின்ன அரைக்கைச் சட்டையின் தோள் தெரிந்தது. நான் ஜிப்பை மூடிவிட்டு அவளிடம் கொடுத்தேன்.

அவள் அம்மா ரோட்டிலேயே அவளை இரண்டு அறை அறைந்தாள். அப்புறம் மண்ணில் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அந்தக் கம்பிக் கதவையே கழற்றி வைத்துவிட்டதாகச் சொன்னார். பிறகு, "எனக்குக்கூட ராத்திரில தூக்கம் இல்ல, பசங்களா" என்று சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் மேடையை விட்டு இறங்கினார். அந்த வெள்ளிக்கிழமை பெற்றோரை அழைத்தார். பேச வந்தவர்களைவிட அழ வந்தவர்கள் அதிகம். அதன்பின் எல்லா வெள்ளிக்கிழமையும் கடைசி வகுப்பு பயத்தைப் பேசுவதற்குத்தான். கடல் என்ற வார்த்தை பள்ளிக்கூடத்துக்குள் திரும்பி வந்தது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. சில குடும்பங்கள் ஊரை விட்டே போயின. அந்த நவம்பர் மழையில் வெள்ளம் வாசல் வரை ஏறியபோது எல்லோருக்கும் நடுக்கம்தான். ஆனால் பிள்ளைகள் கைகோத்து வரிசையாக மேற்கே நடந்தார்கள். முன்னால் போன கை அஞ்சலையுடையது.

அடுத்த வருடம் நீ துபாய்க்குப் போனாய். "ஃபிளைட் பூரா கடல் மேலதான் போவுமாம்டி, நான் கண்ணத் தொறக்கவே மாட்டேன்" என்றாய். போய் இறங்கியதும் முதல் போன் எனக்குத்தான். எத்தனையோ வருடம் கழித்துக் கோட்டக்குப்பத்துக்கே திரும்பி வந்தாய். போன மாதம் நெஞ்சுவலி என்று சொன்னார்கள். நான் வந்து சேர்வதற்குள் உன்னை அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள்.

உன் வீட்டுக் கூடத்தில் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். உன் மகன் வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தான். உன் நெற்றி, உன் மூக்கு. என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்றான்.

"உம்மா எதுக்குமே பயப்பட மாட்டாங்க ஆன்ட்டி. உங்க ஸ்கூல்ல அத்தன பசங்களக் காப்பாத்துனாங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நான் அவங்க மாதிரி இல்ல."

"யாரு சொன்னா? உங்கம்மா மாதிரி பயந்தவள நான் பாத்ததே இல்ல" என்றேன். அவன் திகைத்துப் பார்த்தான். படியடியில் நீ கத்தியதைச் சொன்னேன். உப்பிலிருந்து இறங்கத் தெரியாமல் நடுங்கியதைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே முகம் கோணியது.

"வாப்பா துபாய் போயிட்டா இனிமே இந்த வீட்டுல நான் தனியா இருக்கணும் ஆன்ட்டி. ரொம்ப பயமா இருக்குது."

ஆறுதலாகச் சொல்ல எத்தனையோ வார்த்தைகள் வாய் வரைக்கும் வந்தன. 

"கொஞ்சம் தள்ளி உக்காருப்பா" என்றேன். அவன் தள்ளி இடம் விட்டான். பக்கத்தில் உட்கார்ந்தேன்.