வலிக்கவில்லை, அக்கா

ஞாயிறு, மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுகிற வேலையை எல்லாம் அத்தானிடம் தள்ளிவிடு. அவருக்கும் கொஞ்சம் தொப்பை குறையும்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். நான் ஹலோ சொல்கிற விதத்திலேயே நீ கண்டுபிடித்துவிடுவாய், அதனால்தான். இவர் வேறு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். இன்று இவரும் பெண்கள் இருவரும் கடைக்குப் போயிருக்கிறார்கள். வீட்டில் நான் மட்டும்.

போன வாரம் உன்னிடம் சின்ன ஆபரேஷன் என்று சொன்னேன். சின்னது இல்லை. குடலில் வந்த கட்டியை எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி ஏதோ இருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. அதே தழும்பு வழியாகத் திறக்க வேண்டுமாம். நெஞ்சுக்குக் கீழே ஆரம்பித்துத் தொப்புளைச் சுற்றிக்கொண்டு இறங்குமே, அதே கோடு. இரண்டு வருஷமாகக் குளிக்கும்போது அதைப் பார்க்காமல் சோப்புப் போடப் பழகியிருந்தேன்.

உனக்குச் சிரிப்பு வரலாம். எனக்குப் பயம் வியாதியைப் பற்றி இல்லை. செத்துப் போய்விடுவேனோ என்றுகூட அதிகம் யோசிப்பதில்லை. வலியை நினைத்துத்தான் நடுங்குகிறேன். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து கை உடைந்தபோது அழாமல் வீடு வரை நடந்து வந்தவள் என்று நீ இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அந்தப் பெண் இப்போது இல்லை, அக்கா.

போன தடவை நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. முதுகில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, அதன் வழியாக மருந்து விடுவார்கள், வயிறு மரத்துப் போய்விடும், ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது எல்லாம் தெரிந்தது. மூச்சு விட்டால் தெரிந்தது. வயிற்றை யாரோ இன்னும் பிரித்து வைத்துக்கொண்டிருப்பதைப் போல இருந்தது. நர்ஸைக் கூப்பிட்டேன். அவர் கட்டில் பக்கத்து மெஷினைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மருந்து போய்க்கிட்டுத்தான் இருக்கு, ரெண்டு பிள்ளை பெத்தவங்கதானே, கொஞ்சம் பொறுத்துக்கங்க என்றார். கெட்டவர் இல்லை, போர்வையைச் சரி செய்துவிட்டுத்தான் போனார். அதற்கப்புறம் நான் யாரையும் கூப்பிடவில்லை. துண்டின் முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். மறுநாள் டாக்டர் வந்து வேறு ஊசி போடும் வரை அப்படியேதான் கிடந்தேன். நீ போன் செய்தபோது நன்றாக இருக்கிறேன் என்றேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்வதை என்னால் முடியவில்லை என்று வெட்கமாக இருந்தது.

இப்போது எங்கள் கண்ணாடிக் கடையில் தரை துடைக்கப் புதிதாக ஒரு திரவம் வாங்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அடிக்கும் அதே வாசனை. மூக்குக் கண்ணாடிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து ஓடிப் போய் வாந்தி எடுத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாளைக்குத்தான் ஆபரேஷன் நடந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நானே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, காய்ச்சல், இருமல் என்று சொன்னேன். இருமல் இருந்தால் செய்ய முடியாது என்று ஒரு மாதம் தள்ளிப் போட்டுவிட்டார்கள். எனக்கு ஒரு இருமலும் இல்லை. இவரிடம், அவர்களாகவே தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் பள்ளிக்கூடத்துக்குத் திடீர் விடுமுறை விட்ட மாதிரி ஒரு சந்தோஷம். சாயங்காலம் எல்லோரையும் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஊஞ்சலில்கூட ஆடினேன். சின்னவள் கை தட்டினாள்.

இன்று காலையிலிருந்து மறுபடி நாட்களை எண்ண ஆரம்பித்துவிட்டேன். என்னை நன்றாகத் திட்டி எழுது. உன்னிடம் திட்டு வாங்கினால் எனக்குக் கொஞ்சம் புத்தி வரும்.

உன் அன்புத் தங்கை,
வாலு


புதன்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்து இரண்டு வாரம் ஆகிறது. பக்கம் பக்கமாகத் திட்டியிருப்பாய் என்று பயந்துகொண்டே பிரித்தேன். ஒரு வரிகூடத் திட்டவில்லை. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரிடம் இதைச் சொல் என்று மட்டும் எழுதி, அடியில் கோடு போட்டிருந்தாய். காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தியிருந்தாய்.

இவர் இப்போது சமையலில் இறங்கியிருக்கிறார். தனக்கும் பழக்கம் வரட்டும் என்கிறார். வீட்டில் எல்லோரும் ஒரு சுற்று இளைத்துவிட்டோம்.

நேற்று ஆபரேஷனுக்கு முந்திய பரிசோதனைக்குப் போனோம். மயக்க மருந்து டாக்டர் சின்னப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. அவருடைய கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது, என் கை துறுதுறு என்றது. எடை, சர்க்கரை, மாத்திரை எல்லாம் கேட்டுவிட்டு, போன தடவை எப்படிம்மா இருந்துச்சு என்று கேட்டார். நல்லாதான் இருந்துச்சு டாக்டர் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் இவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். என் கடையிலும் இதே கதைதான். காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். மறுநாள் சிவந்த காதோடு வருவார்கள்.

லிப்ட் வரை வந்துவிட்டோம். இவரை மருந்து வாங்க அனுப்பிவிட்டுத் திரும்பி நடந்தேன். டாக்டர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார். நான் வாசலில் நின்று, நல்லா இல்லை டாக்டர், போன தடவை நல்லாவே இல்லை என்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. டப்பாவை மூடி வைத்துவிட்டு என்னை உட்கார வைத்தார். துண்டைக் கடித்தது வரை எல்லாம் சொன்னேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

பிறகு என் பழைய ஃபைலை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, அதை இரண்டு தடவை படித்தார். மறுநாள் அந்தக் குழாயைக் கழற்றியபோது, அது இடம் மாறி வெளியே வந்திருந்தது என்று எழுதியிருக்கிறார்களாம். மெஷின் ஓடிக்கிட்டு இருந்திருக்கும்மா, ஆனா மருந்து உங்களுக்குள்ள போகவே இல்லை, படுக்கையிலதான் போயிருக்கு என்றார். உங்களுக்குத் தாங்கத் தெரியலைன்னு நினைச்சுக்காதீங்க, அவ்வளவு பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் மருந்தே இல்லாம இருந்திருக்கீங்க என்றார்.

அக்கா, அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. இரண்டு வருஷமாக என்னை நானே கோழை என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை என்ன செய்வார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குழாய் வைத்ததும், வயிற்றில் ஐஸ் வைத்துப் பார்ப்பார். குளிர்ச்சி தெரியாவிட்டால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். கையில் ஒரு பொத்தான் கொடுப்பார்கள், வலித்தால் அமுக்கிக்கொள்ளலாம். சாயங்காலம் அவரே வந்து பார்ப்பார். பல்லைக் கடிச்சுக்கிட்டு நல்ல பேர் வாங்க வேண்டாம், வலிச்சா கத்துங்க, வார்டே எழுந்து உட்காரட்டும் என்றார். கிளம்பும்போது அவர் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, மூக்கில் உட்காரும் அந்த இரண்டு சின்னத் திண்டுகளையும் விரலால் அழுத்திச் சரி செய்து கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடமும் துண்டு விஷயத்தைச் சொன்னேன். அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். அப்புறம் ரொம்ப நேரம் பால்கனியில் நின்றார். இருமல் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஆபரேஷன். பயம் இருக்கிறது. ஆனால் போய்விடுவேன்.

உன் வாலு


வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் எழுதினேன் என்று சொல்லாதே.

முதலில் உனக்குத் தெரிய வேண்டியது, வலிக்கவில்லை, அக்கா. சத்தியமாக. மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் வயிற்றில் ஐஸ் வைத்தார்கள், யாரோ விரல் வைப்பது போலத்தான் இருந்தது. கண் விழித்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன், வரட்டும், வரட்டும் என்று. வரவில்லை. சாயங்காலம் அந்த டாக்டர் சொன்னபடியே வந்தார். வயிற்றின் மேல் தலையணையைக் கொடுத்து, இருமிப் பாருங்க என்றார். இருமினேன். கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான். நான் அழுததைப் பார்த்து வலிக்கிறதா என்று பதறிவிட்டார். இல்லை டாக்டர், வலிக்கலை, அதான் என்றேன்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆபரேஷன் சாயங்காலம் வரை ஆகும் என்று இவரிடம் சொல்லியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னாராம். இவருக்கு ஒரே சந்தோஷம். உனக்குக்கூடப் போன் செய்து சீக்கிரமே முடிஞ்சிடுச்சு என்று சொன்னாராமே. பெரியவளுக்குத்தான் முதலில் புரிந்திருக்கிறது. அப்பா, போனை வைங்க என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

திறந்து பார்த்திருக்கிறார்கள். ஸ்கேனில் தெரிந்தது ஓர் இடம்தான். உள்ளே மணலை இறைத்த மாதிரி பரவியிருந்ததாம். எடுக்க முடியாது என்று அப்படியே தைத்துவிட்டார்கள். இனி ஊசி மருந்து கொடுத்துக் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம் என்கிறார் ஆபரேஷன் செய்த டாக்டர். எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை. இவர் கேட்டிருக்கிறார். கேட்டதை என்னிடம் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

நான் டாக்டரிடம் கேட்டது ஒன்றுதான். அந்த ஒரு மாதம் தள்ளிப் போடாமல் இருந்திருந்தால் எடுத்திருக்கலாமா? இல்லம்மா, இது அதுக்கு ரொம்ப முன்னாடியே பரவியிருக்கு என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். பகலில் அதை நம்புகிறேன்.

அப்போது இவரும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பொய் சொல்லித் தள்ளிப் போட்டதை நான் சொல்லித்தான் கேட்டேன், அதனால் அவருக்கும் தெரிந்துவிட்டது. டாக்டர் போன பிறகு, சீப்பை எடுத்து என் தலையை வாரிவிட்டார். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் செய்யாத வேலை. சிக்கைப் பிடித்து இழு இழு என்று இழுத்தார். இந்த ஆஸ்பத்திரியில் எனக்கு வலிச்சது இது ஒண்ணுதான் என்றேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வருஷம் பெரியவள் படிப்பு முடிக்கும்போது வருவதாக எழுதியிருக்கிறாய். அதற்குக் கொஞ்சம் முன்னால் வர முடியுமா? எனக்குப் பணிவிடை செய்ய ஆள் வேண்டும் என்று இல்லை. அதற்கு இவர் இருக்கிறார். பெரியவளிடம் எல்லாம் பேசிவிட்டோம். சின்னவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது, இனிமேல் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இவர் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு ஏதோ பேசிவிட்டு எழுந்து போய்விடுகிறார்.

நான்தான் சொல்ல வேண்டும். சொல்லும்போது நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அக்கா. நீ ஒன்றும் பேச வேண்டாம். உட்கார்ந்திருந்தால் போதும்.

சீக்கிரம் வா.

உன்,
வாலு