கைராசி

18-11-1958, செவ்வாய். இராமேஸ்வரம்.

காற்று பலமாக அடித்ததால் கடல் பாலத்தில் ரயில் விடவில்லை. இரண்டு நாள் அக்கரையில் மண்டபம் ஸ்டேஷனில் கிடந்துவிட்டு இன்று மதியம்தான் வந்து சேர்ந்தேன். டிஸ்பென்சரி பெஞ்சில் மரியதங்கம் வாந்தியும் மயக்கமுமாகச் சுருண்டு கிடந்தாள். சர்க்கரை வியாதிக்காரி. இரண்டு நாளாக இன்சுலின் ஏறவில்லை. நர்ஸ் ரோஸம்மா ஊசியோடு வீடு தேடிப் போயிருக்கிறாள். மரியதங்கத்தின் புருஷன் சவரிமுத்து வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டான்.

"டாக்டரய்யா கைராசிய நம்பித்தான வாரோம். வேற கை பட்டா மருந்து எப்படிச் சேரும்?" என்றான்.

இந்தப் பேச்சைக் கேட்டால் முன்பெல்லாம் உள்ளூரக் குளிர்ந்துபோவேன். இன்று எரிச்சல்தான் வந்தது. ஊசியைப் போட்டு, அவள் கண் திறந்து பேசும்வரை பக்கத்திலேயே இருந்தேன். சாயங்காலம் அவனைக் கூப்பிட்டேன்.

"நாளையில இருந்து ரோஸம்மாதான் ஊசி போடுவா. பக்கத்துல நின்னு நீயும் பழகிக்க."

"நானா? இது வலை பின்னுற கை அய்யா."

"அதான் கூசாது, நடுங்காது."

"அப்ப நாங்க வேற டாக்டரப் பாத்துக்கிறோம்."

"பாரு. அவர்கிட்டயாவது ஊசி போடக் கேட்டுப் பழகிக்க."

சாப்பாடு போடும்போது என் மனைவியும் ஆரம்பித்தாள். "ராசிக்காரர்ங்கிற பேரு போயிட்டா இங்கன யாரு வருவா?"

வராவிட்டால் போகட்டும். மரியதங்கத்துக்கு ஆயுள் முழுக்க தினமும் ஊசி வேண்டும். காலையில் ரோஸம்மாவை அனுப்பத்தான் போகிறேன். ரயில் நின்றால் நின்றுபோகிற ராசி எனக்கு வேண்டாம்.